மூன்றாம் நம்பர் மெஷின் மேல் ஒரு சதுரங்கம்

பதினோரு வருஷமாக நான் ஒரு பக்கத்துக்காக ஏங்கிக்கொண்டிருந்தேன். நிலம் கேட்கவில்லை, நகை கேட்கவில்லை. ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஒரே ஒரு பக்கம். கேட்டால் சிரிப்பீர்கள். சிரித்துவிட்டுப் போங்கள், எனக்கு அது பெரிய விஷயம்.

நாங்கள் நாலு பேர் ஒரு சலவைக்கூடத்தில் வேலை பார்க்கிறோம். மூன்று ஹோட்டல்களின் விரிப்பும் தலையணை உறையும் துண்டும் எங்களிடம் அழுக்காக வந்து வெள்ளையாகத் திரும்பிப் போகும். துவைக்கிற மெஷின்கள் நாலும் என் வீட்டுக்காரர் பொறுப்பு. ஈர விரிப்பை உருளை இஸ்திரியின் வாயில் கொடுத்து, மறுபக்கம் மொடமொடவென்று வாங்குவது என் வேலை. கிழிந்ததைத் தைக்கிறவர் தையலக்கா. எடுத்து வந்து கொண்டு போய்க் கொடுப்பது வேன் தம்பி. தம்பி என்று பெயர்தானே ஒழிய, அவனுக்கு நாற்பது தாண்டிவிட்டது, தொப்பையும் அவனைத் தாண்டிவிட்டது.

மதியம் ஒரு மணிக்குச் சாப்பாட்டு நேரம். டப்பாவைப் பத்து நிமிஷத்தில் காலி செய்துவிட்டு, மீதி நேரம் சதுரங்கம். ஆரம்பத்தில் எல்லோரும் ஆடுகிற சதுரங்கம்தான் ஆடினோம். அதில் என்ன சிக்கல் என்றால், என் வீட்டுக்காரர் ஜெயித்துக்கொண்டே இருந்தார். ஜெயித்துவிட்டு ஒரு வார்த்தை பேசமாட்டார், காயை அடுக்கிக்கொண்டே இருப்பார். அந்த மௌனத்தைத்தான் எங்களால் தாங்க முடியவில்லை. ஒருநாள் தையலக்கா, "ஆள மாத்த முடியாது, விதிய மாத்துவோம்" என்றார். அன்றைக்குப் பிடித்தது இந்தப் பைத்தியம்.

முதலில் அவரே ஒன்று போட்டார். ஜோடி ஆட்டம். குதிரை, யானை, மந்திரி இவற்றில் ஒன்று வெட்டுப்பட்டால் அதன் ஜோடியும் பலகையை விட்டுப் போய்விட வேண்டும். சலவைக்கூடத்தில் ஒற்றைத் தலையணை உறையை வைத்துக்கொண்டு அலைந்தவர்களுக்கு அதில் இருக்கிற நியாயம் புரியும். அப்புறம் கஞ்சி ஆட்டம் வந்தது. நகர்த்திய காய்க்குக் கஞ்சி போட்ட மாதிரி கணக்கு. அடுத்த முறை அது விறைத்து நிற்கும், தொடக்கூடாது. வேன் தம்பி ஒருவழிப்பாதை என்று ஒன்று கண்டுபிடித்தான், எந்தக் காயும் பின்னால் வரக்கூடாது. அவன் வேனை ரிவர்ஸ் எடுக்கிற அழகைப் பார்த்தவர்கள் யாரும் ஆச்சரியப்படவில்லை. மாமியார் ஆட்டம் என்றும் ஒன்று உண்டு. நடுவில் ஒரு பெரிய கோட்டுப் பொத்தானை வைப்போம். அதை யாரும் வெட்ட முடியாது. ஆனால் அது யார் பக்கத்தில் வந்து நிற்கிறதோ அந்தக் காயால் அசைய முடியாது. தன் காயை நகர்த்தியபின் ஒவ்வொருவரும் மாமியாரை ஒரு கட்டம் நகர்த்தலாம். இதை எழுதியவர் யாரென்று சொல்லமாட்டேன், அவருடைய மாமியார் இன்னும் நன்றாக இருக்கிறார்.

எல்லா விதியையும் நோட்டில் ஏற்றிவிட முடியாது. அதற்குத் தையலக்கா ஒரு முறை வைத்திருந்தார், அவர் தொழிலில் இருந்து எடுத்த முறை. ஹோட்டல்காரர்கள் ஒரு விரிப்பில் ஓர் ஒட்டு வரைக்கும் பொறுத்துக்கொள்வார்கள். இரண்டாவது ஓட்டை விழுந்தால் விரிப்பு கந்தல் மூட்டைக்குப் போய்விடும், துடைக்கிற துணியாகிவிடும். ஆட்டத்துக்கும் அதே சட்டம். புது ஆட்டத்தை மூன்று தடவை ஆடிப் பார்க்க வேண்டும். விதியில் ஓர் ஓட்டை தெரிந்தால் ஒட்டுப் போட்டுக்கொள்ளலாம். இரண்டாவது ஓட்டை தெரிந்தால் கந்தல். பாதியில் நின்றுபோன ஆட்டமும் ஓட்டை ஆட்டம்தான். தாண்டி வந்ததைத் தையலக்கா தன் முத்துமுத்தான கையெழுத்தில் நோட்டில் எழுதுவார், பெயர், விதி, போட்டவர் பெயர். ஓர் ஆட்டத்துக்கு ஒரு பக்கம்.

அந்த நோட்டில் என் பெயர் இல்லை. பதினோரு வருஷத்தில் பதினேழு ஆட்டம் போட்டேன், பதினேழும் கந்தல். பதினேழிலும் ஓட்டை கண்டுபிடித்தது வேறு யாருமில்லை, எனக்கு மாலை போட்ட மகராசன்தான். அவருக்கு இங்கே பெயரே ஓட்டை. வேன் தம்பி வாய் நிறைய "ஓட்டைண்ணே" என்பான், அவரும் அதைப் பட்டம் மாதிரி ஏற்றுக்கொள்வார். ராஜாவும் சிப்பாயும் எப்போது வேண்டுமானாலும் இடம் மாற்றிக்கொள்ளலாம் என்று ஒரு தடவை விதி போட்டேன். ராத்திரியெல்லாம் யோசித்துப் போட்டது. நாலே நகர்த்தலில், "அப்ப எந்த ராஜாவும் எப்பவும் மாட்டாது. ஆட்டம் முடியவே முடியாது" என்றார். சொல்லிவிட்டுத் தயிரைப் பிசைந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வீட்டிலும் அப்படித்தான். திரைச்சீலைக்கு நிறம் சொன்னால் அதில் ஓர் ஓட்டை, உறவுக்காரர் வீட்டுக்குக் கிளம்பும் நேரம் சொன்னால் அதில் ஓர் ஓட்டை. கெட்ட மனுஷன் இல்லை. கோபமாகச் சொல்லமாட்டார், மட்டம் தட்டவும் மாட்டார். உள்ளதைச் சொல்வார், அதுவும் சரியாகவே இருக்கும். அதுதான் பெரிய எரிச்சல். ஒரே ஒரு தடவை அவர் என் காரியத்தை மேலும் கீழும் பார்த்துவிட்டு, சொல்வதற்கு ஒன்றுமில்லாமல் முழிக்க வேண்டும். அந்தப் பக்கத்தை நான் அதற்காகத்தான் கேட்டேன்.

இந்த வருஷம் நோட்டு தீர்ந்துபோகிற கட்டத்துக்கு வந்தது. நூறு பக்க நோட்டு, தொண்ணூற்றொன்பது எழுதியாகிவிட்டது. தையலக்கா தெளிவாகச் சொல்லிவிட்டார்.

"நூறோட நிறுத்திக்குவோம். கண்டுபிடிச்சதயே இன்னும் ஒழுங்கா ஆடி முடிக்கல. புது நோட்டு கிடையாது."

"கடைசிப் பக்கம் யாருக்கு?" என்று கேட்டேன்.

"முதல்ல யாரு தாண்டி வராங்களோ அவங்களுக்கு."

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போய்விட்டது. இஸ்திரி மெஷின் முன்னால் நின்றுகொண்டு மண்டையைப் பிய்த்துக்கொண்டேன். ஒரு திங்கட்கிழமை தற்செயலாகத்தான் கிடைத்தது. மூன்றாம் நம்பர் மெஷின் மேல் என் தண்ணீர் பாட்டிலை வைத்திருந்தேன். மெஷின் துவைத்து முடித்துத் துணியைப் பிழியும்போது, நாங்கள் ஸ்பின் என்போம், அந்தச் சுற்றில் பாட்டில் தானாக நகர்ந்து மெஷினின் மறுமூலைக்குப் போய் நின்றது. நாலு மெஷினில் அதுதான் கிழம். மற்றதெல்லாம் உறுமும், இது உதறும். பாட்டிலைப் பார்த்தேன், சிரிப்பு வந்துவிட்டது.

ஆட்டத்துக்கு உதறல் என்று பெயர் வைத்தேன். பலகையை மூன்றாம் நம்பர் மெஷின் மேல் வைக்க வேண்டும். மெஷின் ஓட ஆரம்பித்ததும் ஆட்டம் ஆரம்பம். துவைப்பதும் அலசுவதும் அரைமணி நேரம், அதற்குள் ஆளுக்குப் பன்னிரண்டு நகர்த்தல். ஸ்பின் வந்ததும் கையை எடுத்துவிட வேண்டும். ஆறு நிமிஷம் மெஷின் உதறும், காய்கள் அதுபாட்டுக்கு ஊர்ந்து போகும். நின்ற பிறகு எந்தக் காய் எங்கே நிற்கிறதோ அதுதான் அதன் இடம். சாய்ந்தது செத்தது. பலகையை விட்டு விழுந்ததும் செத்தது. கோட்டின் மேல் நின்றால், பாதிக்கு மேல் எந்தக் கட்டமோ அந்தக் கட்டம். ஒரே கட்டத்தில் இரண்டு பேர் மாட்டிக்கொண்டால் ஒருவர் கிளம்பும்வரை ஒன்றாகக் குடித்தனம் நடத்தலாம். அப்புறம் வழக்கம்போல் ஆடி முடிக்க வேண்டியதுதான்.

என் வீட்டுக்காரர் ஐந்து கேள்வி கேட்டார். ஐந்துக்கும் பதில் வைத்திருந்தேன். அவர் தலையைச் சொறிந்ததைப் பார்த்து வயிறு குளிர்ந்தது.

செவ்வாய்க்கிழமை முதல் சோதனை, நானும் வேன் தம்பியும். ஸ்பின் வந்தது. என் காய்கள் ஒன்று விடாமல் கூட்டமாகக் கிளம்பி அவன் பக்கம் போய் ஒண்டிக்கொண்டன. என் ராஜா நேராகப் போய் அவன் டப்பா மூடியில் விழுந்தார். என் வீட்டுக்காரர் கருவிப் பெட்டியிலிருந்து சாய்வு பார்க்கிற ரசமட்டத்தை எடுத்து வந்து மெஷின் மேல் வைத்தார். குமிழி ஓர் ஓரமாக ஒதுங்கி நின்றது.

"மெஷின் ஒரு பக்கம் சாஞ்சிருக்கு. சாஞ்ச பக்கம் உக்காந்தவன்தான் ஜெயிப்பான். ஓட்டை" என்றார்.

ஒட்டுப் போட்டேன். ஆட்டத்துக்கு முன் ரசமட்டம் வைக்க வேண்டும், குமிழி நடுவில் நிற்கும்வரை மெஷினின் கால் திருகைத் திருப்ப வேண்டும். இருந்த ஓர் ஒட்டும் செலவாகிவிட்டது. இனிமேல் ஓட்டை விழுந்தால் கந்தல்.

புதன்கிழமை தையலக்காவோடு ஆடினேன். அந்த ஆட்டத்தை நினைத்தால் இப்போதும் மனசு நிறைகிறது. குமிழி நடுவில் இருந்ததால் காய்கள் இங்கும் அங்கும் அரை அடி வைத்தன, கல்யாண வீட்டில் உட்கார இடம் தேடுகிறவர்கள் மாதிரி. பிறந்ததிலிருந்து வெள்ளைக் கட்டத்தில் மட்டுமே நடந்த என் மந்திரி மெல்லக் கோட்டைத் தாண்டிக் கறுப்பில் போய் நின்றார். தையலக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் பார்த்தார். அவருடைய குதிரையும் என் சிப்பாயும் ஒரே கட்டத்தில் தோளோடு தோள் ஒட்டிக்கொண்டிருந்தன. நாலு பேரும் மெஷினைச் சுற்றி நின்று சிரித்தோம். நான் தோற்றேன், அதனால் என்ன. ஓட்டை இல்லை.

மூன்றாவது சோதனை எப்போதும் ஓட்டைக்காரரோடுதான். அது அவருக்கென்று விட்ட உரிமை. வெள்ளிக்கிழமை மதியம் குறித்தோம்.

அன்று காலையிலிருந்தே அவர் ஒரு மாதிரி இருந்தார். நான் பேசினால் மெஷினுக்குள் தலையை விட்டுக்கொண்டார். ஏதோ சதி நடக்கிறது என்று எனக்குப் பட்டது. ஒரு மணிக்கு உருளையில் கடைசி உறையை விட்டுக்கொண்டிருந்தபோது, அவர் மூன்றாம் நம்பர் கதவைச் சாத்திப் பட்டனை அமுக்கத் தயாராக, திருட்டு முழி முழித்துக்கொண்டு நின்றார். குமிழியைக் காட்டினார், நடுவில் இருந்தது. பலகையை வைத்தேன். பட்டனை அமுக்கினார்.

ஆளுக்கு ஒரு பக்கம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தோம். என் காலடியில்தான் தண்ணீர் வடிகிற வாய்க்கால், தரையில் வெட்டின திறந்த வாய்க்கால். தையலக்கா நோட்டை மடியில் வைத்துக்கொண்டு நடுவில் உட்கார்ந்தார், பேனா மூடியைக்கூடக் கழற்றி வைத்திருந்தார். வேன் தம்பி நின்றபடியே சாப்பிட்டான்.

என் வீட்டுக்காரர் ஆடியது அவர் ஆட்டமே இல்லை. ஐந்தாவது நகர்த்தலில் யானையைச் சும்மா கொடுத்தார். கண் பலகையில் இல்லை, கீழே மெஷினின் வட்டக் கண்ணாடிக் கதவுக்கும் என் முகத்துக்கும் போய்ப் போய் வந்தது. எனக்கோ கை நன்றாக ஓடியது. ராணி, இரண்டு யானை, ஒரு மந்திரி எல்லாம் பலகையின் நடுவில், எந்தப் பக்கம் உதறினாலும் விழாத மாதிரி நிறுத்தியிருந்தேன். மெஷினும் என்றைக்கும் இல்லாத அடக்கத்தோடு சுற்றியது. ஒன்பது நகர்த்தல் முடிந்திருந்தது.

அப்போது துவைத்த தண்ணீர் வெளியே வந்தது. சூடாக, ஆவியோடு, என் காலடி வாய்க்காலில் குபுகுபுவென்று ஓடியது. வெள்ளை விரிப்பு துவைத்த தண்ணீர் சாம்பல் நிறத்தில் இருக்க வேண்டும். இது ரோஜா நிறத்தில் இருந்தது.

இருபத்தைந்து வருஷமாக இந்த வேலை பார்க்கிறவளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. உள்ளே வெள்ளையோடு ஏதோ சாயத்துணி கிடக்கிறது, வெந்நீரில் சாயம் இறங்கிக்கொண்டிருக்கிறது. உடனே நிறுத்தி வெளியே எடுத்தால் பிழைக்கும். விட விட ஏறும். ஐந்து மணிக்கு அந்த விரிப்புகள் ஹோட்டலில் இருக்க வேண்டும். மெஷின் என் வீட்டுக்காரர் பொறுப்பு. கேள்வி அவர் தலையில்தான் வந்து விழும்.

மெஷினை நிறுத்தினால் ஆட்டம் பாதியில் நின்றுபோகும். பாதியில் நின்றது கந்தல்.

மறைக்காமல் சொல்கிறேன், நான் உடனே எழுந்திருக்கவில்லை. பத்தாவது நகர்த்தலை வைத்தேன். மந்திரியைத் தூக்கி ஒரு கட்டம் தள்ளி வைத்தேன். வேறு யாரும் வாய்க்காலைப் பார்க்கவில்லை. இன்னும் கால்மணி நேரம், அதற்கப்புறம் நூறாவது பக்கத்தில் என் பெயர். வெளுத்துக்கொள்ளலாம், பிளீச் எதற்கு இருக்கிறது என்று என்னையே தேற்றிக்கொண்டேன். அப்புறம்தான் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தேன்.

பேயறைந்த மாதிரி இருந்தார். அவரும் பார்த்துவிட்டார். எனக்கு முன்பே கண்ணாடிக் கதவில் பார்த்திருக்கிறார். பார்த்தும் சிப்பாயைக் கையில் பிடித்துக்கொண்டு, அடுத்து எங்கே வைக்கலாம் என்று யோசிக்கிற மாதிரி பாவனை செய்துகொண்டு உட்கார்ந்திருந்தார்.

எழுந்து சிவப்புப் பட்டனை அடித்தேன். மெஷின் ஓர் இடி இடித்து நின்றது. பலகையில் இருந்த அத்தனை காயும் மல்லாந்தன.

கதவின் பூட்டு விடுபட ஒரு நிமிஷம் ஆனது. திறந்து கையை விட்டு இழுத்தால், முதலில் வந்தது இருபது கிலோ அரக்குச் சிவப்பு. ஹோட்டலின் விருந்து அறைக்குப் புதிதாகத் தைத்த திரைச்சீலை. இன்னும் முதல் தண்ணீரே காணாதது, தனியாகப் போட வேண்டியது என்று காலையில் நானே ஓரமாக ஒதுக்கி வைத்தது. அதற்குப் பின்னால் இருபத்திரண்டு விரிப்புகள், எல்லாம் இளஞ்சிவப்பு.

எனக்கு முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"என் ஆட்டத்தக் கெடுக்க இவ்வளவு தூரம் போவீங்களா? வாயால ஓட்டை சொல்லி அலுத்துப்போச்சா உங்களுக்கு?"

"கெடுக்கப் போடல" என்றார்.

"பின்ன கனமான திரைய எதுக்கு உள்ள போட்டீங்க? ஒரு பக்கமா இழுக்கட்டும்னுதான?"

அவர் ஈரத் திரைச்சீலையைக் கையில் சுமந்துகொண்டு நின்றார். சட்டையெல்லாம் சிவப்பாகச் சொட்டியது.

"இன்னிக்கு ஷீட்டு கம்மியா வந்துச்சு. இருபத்திரண்டுதான். இந்த மெஷின் அறுபது தின்னும். அரை வயித்தோட ஸ்பின்னுக்குப் போனா குதிக்கும். காய் நகராது, பலகையே பறக்கும். கனத்துக்கு எதையாவது போட்டா அடங்கும்னு பார்த்தேன். வேற எல்லாம் துவைச்சாச்சு. இது ஒண்ணுதான் இருந்துச்சு."

"சாயத்துணின்னு தெரியாதா?"

"பச்சைத் தண்ணில ஓட்டலாம்னு நெனச்சேன். அதுல அவ்வளவு இறங்காது. கை பழக்கதோஷத்துல வெள்ளைக்கு அமுக்குற வெந்நீர் பட்டன அமுக்கிருச்சு. அமுக்கின அப்புறம்தான் பார்த்தேன்."

அவர் சொன்னது தலைக்குள் போக எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"மெஷின் குதிச்சா பலகை விழும். விழுந்தா அது ரெண்டாவது ஓட்டை. உங்களுக்குத் தானா வந்த ஓட்டை."

"ஆமா."

"அத ஏன் அடைச்சீங்க?"

அவர் திரைச்சீலையைத் தொட்டியில் போட்டார், கையைக் கழுவினார், கழுவின கையை மறுபடி கழுவினார். வேன் தம்பி சோற்றுக் கையோடு இடித்த புளி மாதிரி நின்றிருந்தான். தையலக்காதான், "கேக்குறால்ல, சொல்லு" என்றார்.

"கடைசிப் பக்கம்" என்றார் என் வீட்டுக்காரர். "அதுக்கப்புறம் நோட்டு கிடையாதுன்னுட்டீங்க."

பதினேழு ஆட்டத்தை முகத்துக்கு நேராகக் கிழித்துப் போட்ட மனுஷன், பதினெட்டாவதின் ஓட்டையை யாருக்கும் தெரியாமல் தன் வேலையை அடகு வைத்து அடைத்திருக்கிறார். சாயம் இறங்குவதைப் பார்த்தும், ஸ்பின் முடியட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அந்த நேரத்தில் நான் மந்திரியை நகர்த்திக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருந்தது. அதைவிடச் சந்தோஷமாகவும் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

தையலக்கா பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு பேரையும் பார்த்தார்.

"பாதில நின்னுபோச்சு. சட்டப்படி கந்தல்."

"நின்னது என் தப்பு. ஆட்டத்தோட தப்பு இல்ல" என்றார் என் வீட்டுக்காரர். குரல் கொஞ்சம் உயர்ந்திருந்தது. "மெஷினுக்கு வயிறு நிறையல, அது மெஷின் பாடு. நான் பட்டன மாத்தி அமுக்கினேன், அது என் பாடு. விதிய நாலு நாளா பிரிச்சு மேஞ்சாச்சு. ஓட்டை இல்ல. எழுதுங்க."

வேன் தம்பி கையிலிருந்த சோற்று உருண்டையை டப்பாவில் வைத்துவிட்டான். அந்த வாயிலிருந்து 'ஓட்டை இல்ல' என்ற இரண்டு வார்த்தையை அந்தச் சலவைக்கூடத்தில் யாரும் கேட்டதில்லை. தையலக்கா நோட்டை விரித்தார். நூறாவது பக்கம், சலவை செய்த மாதிரி வெள்ளையாக இருந்தது. 'உதறல்' என்று எழுத 'உ' போட்டார்.

"நில்லுங்கக்கா" என்றேன். "ஓட்டை இருக்கு."

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"சுமை கம்மியா இருந்தா பலகை பறக்கும்னு அவரே சொன்னாரு. ஒவ்வொரு தடவையும் யாராவது ஒருத்தர் ஒளிஞ்சு நின்னு கனம் பாத்துப் போட்டாத்தான் ஆட முடியும்னா, அது ஆட்டம் இல்ல. ஒட்டு ஏற்கெனவே ஒண்ணு போட்டாச்சு. கந்தல்தான்."

"உனக்கு என்ன பைத்தியமா?" என்றார் என் வீட்டுக்காரர். "பதினோரு வருஷத்துல இன்னிக்குத்தான் நான் இல்லன்னு சொல்றேன்."

"சொன்னீங்கல்ல. நான் கேட்டாச்சு."

தையலக்கா கொஞ்ச நேரம் பேனாவை உருட்டினார். "அப்ப இந்தப் பக்கம்?"

"காலியா இருக்கட்டுங்கக்கா. வேற யாராவது தாண்டி வருவாங்க. இல்லன்னா அந்த 'உ'வ மட்டும் பாத்துக்கிட்டு இருப்போம்."

மனசு வலிக்கவில்லை என்று சொன்னால் பொய். அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஆனால் அது ஒரு நிமிஷம்தான், அதற்கு மேல் நிற்க நேரமில்லை. இருபத்திரண்டு விரிப்பும் இளஞ்சிவப்பாகக் கிடந்தன, மணி ஒன்றே முக்கால்.

அன்று மதியம் நாங்கள் நாலு பேரும் வேலை பார்த்த வேகத்தை முதலாளி பார்த்திருந்தால் இரண்டு பேரை வேலையை விட்டு நிறுத்தியிருப்பார். இரண்டாம் நம்பர் மெஷினில் பிளீச் போட்டு ஒரு தடவை, போதாமல் இன்னொரு தடவை ஓட்டினோம். வேன் தம்பி ஹோட்டலுக்குப் போன் செய்து டயர் பஞ்சர், ஆறு மணி ஆகும் என்றான். "இந்த மாசத்துல இது மூணாவது பஞ்சர்" என்று தையலக்கா முணுமுணுத்தார். முதல் தண்ணீர் ரோஜாவாக வந்தது, இரண்டாவது வெளிறி வந்தது, நாலாவது அலசலில் வாய்க்கால் தெளிந்தது. என் வீட்டுக்காரர் குனிந்து அந்தத் தண்ணீரைக் கையில் அள்ளி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எல்லோரும் மூச்சு விட்டோம்.

விரிப்புகளை உருளையில் விட்டு எடுத்தேன். வெள்ளை, சுத்தமான வெள்ளை. மடிப்பதற்கு இரண்டு பேர் வேண்டும். வழக்கமாகத் தையலக்கா வருவார், அன்று அவர் வேனில் கூடை ஏற்றப் போய்விட்டார். என் வீட்டுக்காரர் வந்து எதிர்ப்பக்கம் இரண்டு முனைகளைப் பிடித்தார். விரிப்பை உதறி, நீளவாக்கில் ஒரு மடி மடித்து, ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வந்து முனையோடு முனை சேர்க்க வேண்டும். கையும் கையும் ஒட்டுகிற இடத்தில் மூஞ்சிக்கு நேர் மூஞ்சி.

முதல் விரிப்பில் அவர் பக்கத்தில் வந்தபோது கேட்டேன். "என்ன சொன்னீங்க அப்ப?"

"எப்ப?"

"தையலக்காகிட்ட."

"அதான் கந்தல்னு சொல்லிட்டியே. அப்புறம் என்ன?"

"அது நோட்டுக்கு. எனக்குச் சொல்லுங்க."

சுற்றும்முற்றும் பார்த்தார். வேன் தம்பி வெளியே இருந்தான். "ஓட்டை இல்ல" என்றார், பல்லுக்குள்.

இரண்டாவது விரிப்பு. உதறி, மடித்து, நடந்து வந்தோம். "என்ன?" என்றேன். "இல்ல" என்றார். மூன்றாவதிலும் கேட்டேன், நாலாவதிலும் கேட்டேன். ஐந்தாவதில் அவருக்குச் சிரிப்பு வந்து முனை கையை விட்டு நழுவிவிட்டது, மறுபடி முதலிலிருந்து மடித்தோம். ஒன்பதாவது வரைக்கும் விடாமல் கேட்டேன்.

பத்தாவதில் நான் கேட்கவில்லை. கை வலித்தது, ஆசையும் தீர்ந்திருந்தது. முனையைச் சேர்க்க நடந்து வந்தேன், அவரும் வந்தார், விரிப்பை என் கையில் கொடுத்தார். கொடுத்துவிட்டு அவராகவே, "ஓட்டை இல்ல" என்றார்.

இன்னும் பன்னிரண்டு விரிப்புகள் இருந்தன. பன்னிரண்டிலும் சொன்னார்.